பம்பளிமாஸ் பாட்டிலில் ஒரு வரி

மார்ச் 4
ஒருவழியாகக் கசப்பு அடங்கியது. இரண்டு வருடமாக இந்தப் பம்பளிமாஸ் தோல் சாறு ஆய்வகத்தில் என்னைப் படுத்திய பாடு! சுவை பார்த்த ஐந்து பேரில் ஒருவர்தான் முகம் சுளித்தார். கம்பெனி மேலாளர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, “இதயத்துக்கு நல்லதுன்னு லேபிள்ல போட்டுடலாமா?” என்றார்.
“எலிக்குக் கொழுப்பு குறைஞ்சுது சார். மனுஷங்களுக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கலை.”
இவ்வளவு வக்கணையாகச் சொல்லிவிட்டு, அக்காவுக்கு ஒரு பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச் 9
காலை, மாலை இரு வேளையும் குடிக்கிறாளாம். “நீ செஞ்சதாச்சே, விடுவேனா?”

மார்ச் 21
அக்காவுக்குத் தொடையெல்லாம் வலி. படி ஏற முடியவில்லை. வயசாகுதுடி என்கிறாள். நாற்பத்தெட்டெல்லாம் ஒரு வயசா?

மார்ச் 24
சிறுநீர் கறுத்துப் போனதாம். அக்கா வீட்டுக்காரர், மாமாதான் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். டாக்டரம்மா கேட்டது இரண்டே கேள்வி. கொழுப்பு மாத்திரை போடுகிறாளா? ஆமாம். புதிதாக என்ன சாப்பிட ஆரம்பித்தாள்? மாமா என்னைப் பார்த்தார்.
எனக்குத் தெரியாததா? பம்பளிமாஸில் உள்ள சில பொருள்கள் குடலில் மருந்தை உடைக்கும் நொதியை முடக்கிவிடும். சில மாத்திரைகள் உடையாமல் ரத்தத்தில் ஏறும், தசையைச் சிதைக்கும்; அந்தச் சிதைவு சிறுநீரகத்தையும் தாக்கும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். என்ன மாத்திரை போடறேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நான்?

மார்ச் 28
சிறுநீரகம் தப்பியது. அக்கா சொன்னாள்: “அழுதது போதும். போய் அந்தப் பாட்டில்ல எழுது.”

ஏப்ரல் 2
‘தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.’ இந்த வரி பாட்டிலின் முன்பக்கத்தில் வரவேண்டும் என்று மேலாளரிடம் சொன்னேன்.
“அப்புறம் யாரும்மா வாங்குவா? உன் உழைப்புக்கு நீயே உலை வைக்கிறியே.”
“அந்த வரி இல்லாம பாதுகாப்பு அறிக்கையில கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”
அறிக்கையைக் கையெழுத்திடாமலே திருப்பி வைத்தேன்.

ஏப்ரல் 3
இன்றும் கூப்பிட்டார். இன்றும் முடியாது என்றேன்.

ஏப்ரல் 11
இருப்பிலிருந்த ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து, நொதியை முடக்கும் அந்தப் பொருள்களின் அளவை எழுதி மேலாளர் மேசையில் வைத்தேன். கூடவே அக்காவின் ரத்தப் பரிசோதனைத் தாளையும், அவள் சம்மதத்தோடு. நிதானமாகப் படித்தார். என் எதிரிலேயே வீட்டுக்குப் போன் போட்டார். “ஃப்ரிட்ஜ்ல இருக்கிற பாட்டிலை அப்பாவுக்குக் கொடுக்காதே. ஏன்னு வந்து சொல்றேன்.”
பிறகு என்னிடம், “எழுத்து எவ்வளவு பெருசா வேணும்?” என்றார்.

மே 20
அக்கா வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். மாமாவுக்கு என்னிடம் பேச இன்னும் மனம் வரவில்லை. வராதுதான்.

ஆகஸ்ட் 17
கடையில் ஒரு பெரியவர் எங்கள் பாட்டிலை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முன்பக்கத்து வரியை வாசித்தார். சட்டைப்பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்துப் பிரித்து, அதையும் வாசித்தார். பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.
எங்களுக்கு ஒரு விற்பனை போயிற்று. வரிசையில் நின்றபடியே அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.