முட்டிக்குக் கீழே ஆறு விரல்

பிப்ரவரி 6
மைதிலியும் நானும் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். ஜாக்கி நழுவி லாரி என் காலை நசுக்கி ஒன்பது மாதம். முட்டிக்குக் கீழே ஆறு விரல் அளவு மிச்சம். அதிலும் இரண்டு விரல் வெட்டி, கூர்மையான எலும்பு முனையை மழுக்கி, சதையால் மூடித் தைக்க வேண்டுமாம். அப்போதுதான் செயற்கைக் கால் குத்தாதாம். முதலில் வெட்டியவர்கள் ஏன் இதைச் செய்யவில்லை? கேட்டால் டாக்டர் தமிழரசு சிரிக்கிறார். என்ன சிரிப்பு?

பிப்ரவரி 9
செயற்கைக் காலை மாட்டினால் மறுபடி ரத்தம். கால் செய்த மணியன்தான் அளவில் கோட்டை விட்டிருக்கிறான். "நான் குடுக்கறப்ப இப்படி இல்லீங்களேண்ணா" என்கிறான்.
மிச்சக் கால் உட்காருகிற சாக்கெட்டுக்குள் நான் கிரைண்டர் போட்டது அவனுக்குத் தெரிந்துவிட்டதோ? குத்துகிற இடத்தைத் தேய்த்தேன், அவ்வளவுதான். இருபது வருஷமாக நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவனுக்கு இது தெரியாதா? யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 12
நான் எக்ஸ்ரேவுக்குப் போன நேரத்தில் மைதிலி டாக்டரிடம் தனியாகப் பேசியிருக்கிறாள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. முட்டியையும் எடுக்கப் போகிறார்கள். வேறென்ன? முட்டி போனால் பட்டறையில் குந்தி வெல்டிங் வைப்பது எப்படி? கட்டின பொண்டாட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டாளா?

பிப்ரவரி 13
கேட்டேன். ஒன்றுமில்லையாம்.

பிப்ரவரி 16
ஆபரேஷன் முடிந்தது. விழித்ததும் முட்டி இருப்பதாகத்தான் தெரிந்தது. அதை எப்படி நம்ப? இல்லாத கட்டைவிரலே இத்தனை மாதமாக அரிக்கிறதே. "நெசத்தச் சொல்லு புள்ள, இருக்குதா?" — அழுதுவிட்டேன். மைதிலி என் கையை எடுத்துக் கட்டின் மேல் வைத்தாள். உருண்டையாக, கெட்டியாக — இருந்தது.

பிப்ரவரி 20
இன்றுதான் சொன்னாள். சீழ் எலும்புக்குள் ஏறியிருந்தால் முட்டியும் போகலாம் என்று அன்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புண் எப்படி இவ்வளவு ஆழமானது என்றும் கேட்டிருக்கிறார். சாக்கெட்டைத் துடைக்கும்போது கிரைண்டர் தடத்தைப் பார்த்தவள், அதைச் சொல்லியிருக்கிறாள்.
"அப்படி இருந்துச்சுன்னா தெச்சு மூடிருங்க, அவுரக் கேக்காம முட்டியத் தொடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டுத்தானுங்க உள்ளார உட்டேன்."
என்னிடம் ஏன் மறைத்தாய் என்றேன்.
"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"
வந்திருக்க மாட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மே 14
புதுக் கால் மாட்டிப் பத்தடி நடந்தேன். வெளிப்பக்கம் லேசாக உறுத்தியது. இன்ன இடம் என்று மணியனிடம் விரல் வைத்துக் காட்டினேன். கழற்றி உள்ளே எடுத்துப் போனான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்க்கப் போகவில்லை.