மூன்றாவது கம்பி

செவ்வாய்

காலையிலிருந்து தூறல். செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும். செய்தி சேகரிக்கப் பாடசாலை மண்டபத்துக்குப் போனேன். மண்சரிவுப் பயத்தில் மேல் லயத்து வரிசை வீடுகளின் குடும்பங்கள் அங்கே. வெள்ளிக்கிழமை வீடுகளுக்குத் திருப்பி அனுப்புகிறார்களாம்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்வராணி: "போகச் சொன்னா போறோங்க. மாடு தனியா கெடந்து கத்துது."

அனுப்ப ஆதாரம், மண் அசைவை அளக்க மலைச்சரிவில் நட்ட கம்பிகள். அங்கே சிக்னல் கிடையாது. ஆகவே மேலே போகும் வண்டிக்கொரு கருவிப் பெட்டி. கம்பியைக் கடக்கும்போது அளவை வாங்கி வந்து டவுனில் சேர்க்கும். கொழுந்து லொறி, தோட்டத்து ஜீப், பாட்டுப் போட்டு ரொட்டி விற்கும் நௌபரின் பாண் ஆட்டோ. பெட்டிகளுக்கு நம்பக மதிப்பெண் உண்டு. லொறி, ஜீப்: உயர்வு. நௌபர்: தாழ்வு. மூன்றாவது கம்பியிலிருந்து அவர் எதுவும் கொண்டுவருவதில்லை.

புதன்

வெயில் என்று சொல்லலாம். நௌபரைச் சந்தையில் பிடித்தேன்.

"மேல போகாம ஏமாத்துறேனாம் சேர். இந்தப் பெட்டிக்காக ஆளில்லாத லயத்துக்குப் பாட்டுப் போட்டுக்கிட்டுப் போறவன் நான் ஒருத்தன். நாய்கூட பாண் வாங்குதில்ல."

"அந்த மூன்றாவது கம்பி இருக்கிறதா?"

"வளைவுக்கு அங்கிட்டு. ரோட்டுலருந்து தெரியாது."

"லொறியும் ஜீப்பும்?"

"ரோடு ஒடஞ்ச பொறகு அதுங்க எங்க மேல போச்சு? ரெண்டும் டவுன் ஷெட்டுல பக்கத்துப் பக்கத்துல தூங்குது."

மாலை, மண்டபம். மேலே காலி லயத்தின் பக்கமிருந்து பாண் பாட்டு. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

வியாழன்

மழை. பெட்டிகளை அமைத்த பொறியியலாளர் சுகந்தியிடம் கேட்டேன்: மேலே போகாத இரண்டு வண்டிக்கும் அளவு எங்கிருந்து வருகிறது?

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கத்துல நின்னா பெட்டிங்க ஒன்னுக்கொன்னு குடுத்துக்கும் சேர். விடுபட்டதை நிரப்பட்டும்னு நாங்கதான் அப்படி வச்சோம்."

ரோடு உடையுமுன் எடுத்த பழைய அளவு. இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு, ஒவ்வொரு முறையும் புதுத் தேதியோடு. இரண்டும் ஒத்துப்போனதால் நம்பகம். நானும் இரண்டு பேர் ஒன்றையே சொன்னால் செய்தி போடுகிறவன்தான்.

வெள்ளி

விடிந்ததும் நௌபரின் ஆட்டோவில் மேலே. பாண் தட்டுகளுக்கிடையே சுகந்தியும் நானும். முதல் கம்பி இருந்தது. இரண்டாவது சாய்ந்து. மூன்றாவது நின்ற இடமே இல்லை. செம்மண், கீழே வேரோடு ஒரு மரம். வெடிப்பு செல்வராணி வீட்டு வாசற்படி வரை.

நௌபர் பாட்டை நிறுத்தினார்.

மண்டபத்துக்கு இறங்கிவந்தால், ரோடு உடைந்த இடம் வரை கொண்டுபோக மூட்டைகள் லொறியில் ஏறிவிட்டன. சுகந்தி முன்னால் போய் நின்று மறித்தார். அவர் கையில் போன் சிணுங்கியது. எனக்குக் காட்டினார். மூன்றாவது கம்பி: அசைவில்லை. லொறிப் பெட்டியிலிருந்து இப்போது வந்தது. நம்பகம்: உயர்வு.

செல்வராணி பாயை இறக்கிக்கொண்டே கேட்டார்: "மண்ணுக்குள்ள போனது, நிக்கிறேன்னு எப்படிங்கையா சொல்லுது?"