தெருப்பேர் இல்லாத பாட்டு

தம்பி,

இன்று காலை அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். கூட்டம். கம்பியில் பாதி உடம்பும் வெளியில் பாதி உடம்புமாக உட்கார்ந்திருந்தபோது டிரைவர் பாட்டுப் போட்டார். முதலில் 'தொம்' என்று ஓர் ஆள் தரையில் விழுகிற சத்தம். அதன்மேல் ஒரு பெண் "விழுந்தான்டா!" என்று கத்துகிறாள். அந்தக் கத்தல் என்னுடையது. பிறகு பாட்டு தொடங்குகிறது. அந்தக் குரல் உன்னுடையது இல்லை.

"பொங்கல் வந்தா இந்தப் பாட்டுதான்க்கா எங்க போனாலும். பாடுனது யாருன்னு தெரியுமா?" என்றார் டிரைவர்.

தெரியும் என்றேன். பாடியவனைத் தெரியும்தான். எழுதியவனை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

நான் மில் வேலைக்குப் போன முதல் தீபாவளிக்கு மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் டிவியில் மாட்டி விளையாடுகிற அந்த கேம் பெட்டியை உனக்கு வாங்கி வந்தேன். அதோடு வந்தது ஒரே ஒரு சீடி. அமெரிக்காவில் ராப் பாடுகிறவர்கள், கழுத்தில் தாம்புக்கயிறு கனத்துக்குச் சங்கிலி போட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் தூக்கிப் போட்டு மிதிக்கிற மல்யுத்த விளையாட்டு. தப்பித்து ஓடினால் சுற்றி நிற்கிற கூட்டமே பிடித்து உள்ளே தள்ளிவிடும். அம்மா ஒருநாள் பார்த்துவிட்டு, "இம்புட்டு நகையப் போட்டுக்கிட்டு எதுக்குடா அடிச்சுக்கிறாய்ங்க?" என்று கேட்டது.

நீ முறையாகப் பிடி போட்டு, நேரம் பார்த்து அடிப்பாய். நான் எல்லாப் பட்டனையும் ஒன்றாக அமுக்குவேன். ஜெயிப்பது நான்தான். "அக்கா, அது பட்டனு. ஆட்டுக்கல்லு இல்ல," என்று நீ அழாத குறையாகச் சொல்வாய். உன் ஆளை நான் தூக்கித் தரையில் அடித்த ஒரு சாயங்காலம் நீ அந்தச் சத்தத்தை போனில் பிடித்துக்கொண்டிருந்தாய். என் கத்தலும் சேர்ந்து பதிந்துவிட்டது. அழி என்றேன், நீ கேட்கவில்லை.

அதில் பேசுகிற இங்கிலீஷ் நம் இருவருக்கும் விளங்காது. ஆனாலும் நீ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாய். "பாருக்கா, ஒவ்வொருத்தனும் மொதல்ல எந்த ஏரியான்னு சொல்றான். அடி ஒதையெல்லாம் அதுக்கு அப்புறந்தான்." அவர்கள் ஊரில் அது பெருமையாக இருக்கலாம். வாடிப்பட்டிப் பக்கத்து நம் ஊரில் தெருப்பேரைச் சொன்னால் சாதியைச் சொன்ன கணக்கு. எந்த ஊர் என்று கேட்கிறவர்கள், ஊர்ல எந்தப் பக்கம் என்று அடுத்துக் கேட்பது அதற்குத்தானே. பஸ் ஸ்டாப் பக்கம் என்று சொல்லித் தப்பிக்கப் பழகிய வீடு நம் வீடு.

பொங்கல் விழாவுக்கு இளைஞர் மன்றம் பாட்டுக் கேட்டபோது நீ எழுதினாய். போனிலேயே தாளம் கட்டி, அந்த 'தொம்' சத்தத்தை முன்னால் வைத்து, முதல் வரியிலேயே நம் தெருப்பேரை, கம்மாக்கரைத் தெரு என்று போட்டாய். நீ பாடிக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தியது. மன்றத் தலைவருக்குப் பாட்டு போனது. இரண்டொரு நாளில் அவரே வீட்டு வாசலுக்கு வந்தார். அப்பா வேலை பார்க்கிற தென்னந்தோப்பு அவருடைய சித்தப்பாவுடையது. நான் மில்லிலிருந்து திரும்புவதற்குள் அவர் பேசிவிட்டுப் போய்விட்டார்.

"தெரு பேர எடுத்துட்டேன்க்கா," என்றாய். முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"ஏன்டா?"

"ஒரு வரிதானக்கா. மேடை ஏறிட்டா அப்புறம் எம்புட்டு வேணாலும் சொல்லிக்கலாம்."

மேடைக்குப் பல்லிளித்தவனே என்று உன்னை ஏசினேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

விழாவன்று மைக்கை வாங்கியது தலைவரின் அக்கா மகன். "நீ கீழ நில்லு தம்பி. அவன் மறந்தா எடுத்துக் குடு. அடுத்த வருசம் ஒனக்குத்தான்," என்றார்கள். அந்த விளையாட்டு ஆட்களைப் போல மேடைக்கென்று நீ வாங்கி வைத்திருந்த கவரிங் சங்கிலியையும் அவனே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். நீ மேடையோரம் நின்று உன் பாட்டுக்கு வாயசைத்தாய். அன்று அவன் பாடிப் பதிந்ததுதான் போன் போனாகப் பரவி ஆட்டோ வரை போனது. அடுத்த வருசம் உனக்கு வரவில்லை. ஐப்பசி மழையில் நாலுவழிச் சாலையில் ஒரு லாரி வந்தது.

கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்தார்கள் தம்பி. கும்பிட்ட கையோடு தலைவர் ஆளுயரத்துக்கு நிற்கிறார், நீ மூலையில் ஒரு வட்டத்துக்குள் இருக்கிறாய். 'ஊரின் குரலே' என்று எழுதியிருந்தார்கள். மைக்கைக் கையில் தராதவர்கள் எழுதியது. அதையும் நம் தெருமுனையில் வைக்கவில்லை, மெயின் ரோட்டில் வைத்தார்கள். இப்படியொரு பாசத்தை எந்த நாயும் கேட்கவில்லை.

நான் இப்போது மதுரையில் தங்கித்தான் வேலைக்குப் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது தலைவர் மறுபடியும் வந்தார்.

"ஏம்மா, தம்பி பாடுன ஒரிஜினலு ஒங்கிட்ட இருக்காம்ல. இந்தப் பொங்கலுக்கு அவன் கொரல்லயே போட்டு, ஒரு நிமிசம் எந்திரிச்சு நின்னு மரியாத செய்வோம்னு மன்றத்துல பேசியிருக்கு."

"முழுசாப் போடுவீங்களாண்ணே?"

"அந்த மொத வரி மட்டும்... நாலு ஊரு ஆளுக வாராக. எதுக்கும்மா வீண் பேச்சு? வெட்டிக்கிருவோம்."

"அப்ப வேணாம்ணே."

அவர் கோபப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "சரிம்மா. அப்பா நம்ம தோப்புலதான இருக்காரு, அவருகிட்ட பேசிக்கிறேன்," என்றார்.

அவர் தெருவைத் தாண்டியதும் அம்மா என்மீது பாய்ந்தது. "குடுத்துத் தொலடி! எம்பிள்ள கொரல ஊரு ஒரு தடவ கேக்கட்டும்."

"அவனாட்டம் நானும் பல்லக் காட்டணுமாக்கும்?"

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டது. "அன்னைக்கும் இந்த ஆளு இதே வார்த்தையத்தான் சொன்னாரு. அப்பா நம்ம தோப்புலதான இருக்காருன்னு. மேடைக்காகவா அவன் சரின்னான்? அக்காகிட்டச் சொல்லிராதம்மா, சண்டைக்குப் போயிரும்னு எங்கையப் புடிச்சுக்கிட்டான்."

நீ செத்த அன்றுகூட அந்த ஒரு வரிக்காக உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். அம்மாவும் நீயும் சேர்ந்து என்னை அப்படி இருக்க விட்டீர்கள். பாவிப் பயலே, உன்னை நினைத்து அழுவதா, அறைவதா என்று தெரியவில்லை.

அப்பா சாயங்காலம் வந்தார். நடந்ததைச் சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவர் திரும்பவே இல்லை.

"பாட்டக் குடுக்காத. தேங்கா பொறுக்க எனக்கு வேற தோப்பா இல்ல?"

அப்புறம் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "அன்னைக்கும் இதத்தானம்மா சொல்லியிருப்பேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயே அவன்."

பாட்டை நான் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். அப்பா மறுநாள் தோப்புக்குப் போகவில்லை. இன்னும் வேறு வேலையும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. உன் குரல் என் போனில் பத்திரமாக இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு திரிவது எனக்குப் பாரமில்லை. அப்பா சொன்ன அந்தச் சொல்லைத்தான் இறக்கிவைக்க இடம் தெரியவில்லை. நீ கேட்டிருக்கலாம் தம்பி. அந்த வரியை எடு என்று அவர் சொல்லியிருக்கவே மாட்டார்.