ராமுத்தாய் ஓடினாள்

1936 ஜனவரி 6, திங்கள். சின்னக்கானல்.

பசை இன்று ஒழுங்காக இறுகியது. கர்த்தருக்கும் குளிருக்கும் நன்றி. தட்டில் ஊற்றி ஆறவைத்த கிளிசரின் பசையின்மேல், ஊதா மையில் எழுதிய தாளை ஒற்றி எடுத்தால் போதும். பிறகு வெறுந்தாள்களை ஒவ்வொன்றாக வைத்து நாற்பது நகல் எடுக்கலாம். நாற்பதாவது நகலை எழுதின நானே படிக்க முடியாது, அது வேறு விஷயம்.

எங்கள் ‘கொழுந்து’வுக்கு இது நான்காவது இதழ். பத்திரிகை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். ஒரே ஒரு தாள். இதுவரை ஞானஸ்நானம், காய்ச்சலுக்குக் கொயினா, போடி பாதையில் மண்சரிவு, இவ்வளவுதான் செய்தி. இந்த முறை பாதித் தாளுக்கு நம் கொழுந்து கிள்ளும் பெண்களின் கிரிக்கெட்டை எழுதிவிட்டேன்.

கிளிசரினை எஸ்டேட் மருந்துக்கடையிலிருந்து ஒரு சொட்டுக்கூட எடுக்கக்கூடாது என்று இவர் ஒரே பிடி. அங்கே கம்பவுண்டரே இவர்தான்! போடியிலிருந்து வரவழைத்தார். துரையின் பொருளில் நடக்கும் தாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதாம். நல்ல மனுஷர். ஊரார் பெயரையெல்லாம் தாளில் எழுதுகிறேன். இவர் பெயரை இந்த நோட்டில்கூட எழுதக் கை வரவில்லை.

ஜனவரி 13, திங்கள்.

நேற்று ஆட்டம் பார்க்க முப்பது பேருக்கு மேல். போன மாதம் நானும் இரண்டு நாய்களும்தான்.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒருவரும் இல்லை. துரைமார் விளையாடும் மைதானத்தை ஒட்டின மலையில் மூன்று வருஷம் கொழுந்து கிள்ளிக்கொண்டே பார்த்தது. செடிக்குள் விழுகிற பந்தை எடுத்து எறிந்து எறிந்து கையும் பழகிவிட்டது. துரைமார் தூக்கிப்போட்ட உடைந்த மட்டைக்குக் கயிறு சுற்றியிருக்கிறார்கள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளைக் கசக்கி, மேலே கந்தல் சுற்றி, சணலால் இறுக்கினால் பந்து. கவாத்து வெட்டின தேயிலைக் குச்சி மூன்று நட்டால் விக்கெட்டு.

இன்று காலை ராமுத்தாய் மருந்துக்கடைக்கு வந்தாள். நோய் ஒன்றும் இல்லை. முந்தானைக்குள் தாளை மடித்து வைத்திருந்தாள். எழுத்துத் தெரியாது அவளுக்கு.

“கம்பவுண்டரம்மா, இதுல நான் எங்க இருக்கேன்?”

காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“ரெண்டு புள்ளி வச்சிருக்கே, அதுவா நானு?”

அதுதான் என்றேன். விரலால் தொடவில்லை, மை ஒட்டிக்கொள்ளும் என்று. எஸ்டேட் பேர்ப்பட்டியலில் அவள் ‘சுருளிவேல் பெண்சாதி’. தாளில் தன் பெயர் இருப்பதை இன்றுதான் பார்க்கிறாளாம். என் பிழைப்பில் இப்படி ஒரு காலை கிடைத்ததே, போதும்.

ஜனவரி 20, திங்கள்.

மேல்தோட்டத்துப் பெண்களும் ‘கொழுந்து’ படித்துவிட்டு, எங்களோடு ஆடுவீர்களா என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பிப்ரவரி ஒன்பது, ஞாயிறு.

ஆடுவதற்கு இடம் பெரட்டுக்களம்தான், காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்தனுப்பும் இடம். அதற்கு ராக்கப்பன் கங்காணியின் வாய்ச்சொல் வேண்டும். மனுஷன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு யோசித்தார்.

“ஆடட்டும்மா. ஆனா அந்தப் புள்ளைகளப் பத்தி ஒரு கெட்ட பேரு வெளிய வந்துச்சு, அதோட களம் கெடையாது. அவுக அப்பன் ஆத்தாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்.”

கெட்ட பேர் எங்கிருந்து வரும் என்று சிரித்தேன்.

ஜனவரி 27, திங்கள்.

ஆறாவது இதழ். ‘ரன்’ என்று எழுத மனம் ஒப்பவில்லை. தமிழில் சொல்லா இல்லை? ஓட்டம், ஓடினாள். என் நடை எனக்கே பிடித்திருக்கிறது. ஐம்பது நகல். பசை பாவம், கடைசியில் பிய்ந்துவிட்டது.

பிப்ரவரி 3, திங்கள்.

எப்படி எழுதுவது? என் வாயாலேயே, இல்லை, என் கையாலேயே –

வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் நல்லமுத்து அங்கிருந்து வந்தார். ராமுத்தாயின் புருஷன் சுருளிவேல் அங்கே ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிறான். மாதம் ஒருமுறைதான் வருவான். இங்கிருந்து போன யாரோ தேயிலைத் தூளை ‘கொழுந்து’வில் பொட்டலம் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். மேல்பாதி கிழிந்துவிட்டது. மிச்சத்தை ஸ்டோரில் ஒருவர் உரக்கப் படித்திருக்கிறார்.

நான் எழுதியது இது: “சந்தனமேரி போட்ட பந்தை அடித்துவிட்டு ராமுத்தாய் ஓடினாள். நான்கு பேர் விரட்டியும் பிடிபடவில்லை.”

கிழிசலுக்குக் கீழே இருந்தது இது: “ராமுத்தாய் ஓடினாள். நான்கு பேர் விரட்டியும் பிடிபடவில்லை.”

ஸ்டோர் முழுக்கப் பேச்சாம், சுருளிவேல் பெண்சாதி எவனோடயோ ஓடிட்டான்னு. அச்சுப்போட்டே வந்திருச்சுன்னு. நல்லமுத்து கிளம்பும்போது சுருளிவேல் வேலைக்கு வரவில்லையாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

நான் என்னத்தப் பண்ணுவேன். ரன்னுன்னு எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா? தமிழ் தமிழுன்னு என்ன ஒரு திமிரு எனக்கு.

ராமுத்தாய் கூடையோடு அப்படியே நின்றாள். “நான் எங்கயும் ஓடலையேம்மா. கொழுந்துதான கிள்ளிக்கிட்டு இருக்கேன்” என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

கங்காணி வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார், களம் கிடையாது.

பிப்ரவரி 4, செவ்வாய்.

சுருளிவேலுக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். அவன் அங்கே இருந்தால்தானே.

பிப்ரவரி 6, வியாழன்.

எனக்கு இல்லாத தைரியம் ராமுத்தாய்க்கு இருக்கிறது. காலையில் பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும் கங்காணியிடம் கேட்டாளாம். சந்தனமேரி வந்து அப்படியே நடித்துக் காட்டினாள்.

“தெனமும் சுருளிவேல் பெண்சாதின்னு கூப்புடுறீக. நானும் இருக்கேன்னு சொல்றேன். ஓடிப்போனவ எப்பிடி இருக்கேன்னு சொல்லுவா? இந்த ஞாயித்துக்கெழம நான் ஆடலன்னா, ஓடுனது நெசமுன்னு ஆயிரும்.”

கங்காணி பேர்ப்பட்டியலைப் புரட்டினாராம். கடைசியில், “ஆடு. அவன் வந்து வேணாமுன்னு சொன்னான்னா, அன்னைக்கோட எல்லாருக்கும் ஆட்டம் முடிஞ்சுச்சு” என்றிருக்கிறார்.

ஆக, பன்னிரண்டு பெண்களின் ஆட்டமும் இப்போது ஒரு மனுஷன் வாயில் இருக்கிறது. அவன் வாயில் என்ன வரும் என்று எழுதிவைத்ததோ நான். இவர் என் கஞ்சியை ஆற்றி வைத்துவிட்டு, “நாளைக்கும் பசை காய்ச்சணும்ல?” என்று மட்டும் கேட்டார். அதற்கே அழுகை வந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு.

ஜெபம் முடிந்து களத்துக்குப் போனால் உட்கார இடம் இல்லை. இருநூறு பேராவது இருக்கும். அத்தனை பேரும் தாளைப் படித்து, படிக்கக் கேட்டு வந்தவர்கள்.

மேல்தோட்டத்தார் முதலில் ஆடி நாற்பத்தொன்று எடுத்தார்கள். நம் பக்கம் மடமடவென்று விழுந்து, ராமுத்தாயும் சந்தனமேரியும் மிச்சம். சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு ராமுத்தாய் ஒரு அடி அடித்தாள். பந்து லயத்து வீடுகளின் பக்கம் போனது. இரண்டு பேரும் ஓடினார்கள்.

பாதி வழியில் ராமுத்தாய் நின்றுவிட்டாள்.

லயத்துக் கோடியில், புழுதியேறின கால்களோடு, தோளில் ஒரு துணிமூட்டையோடு சுருளிவேல் நின்றுகொண்டிருந்தான். பந்து அவன் காலடியில் கிடந்தது. களம் மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது. கர்த்தரே, அடிக்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன்.

மேல்தோட்டத்துப் பெண் ஒருத்தி பந்தை எடுக்க ஓடி வந்தாள். அவன் அவளைப் பார்த்தான், பந்தைப் பார்த்தான், நடுவில் நிற்கிற பெண்சாதியைப் பார்த்தான். அவனும் துரைமார் மைதானத்து ஓரம் வளர்ந்தவன்தானே, புரிந்துவிட்டது.

“நிக்காத புள்ள. ஓடு” என்றான்.

ஓடினாள். பந்து வந்து சேர்வதற்குள் குச்சியைத் தாண்டிவிட்டாள். அப்புறம் வந்த சத்தத்தில் மலையிலிருந்த பறவைகள் எல்லாம் கிளம்பின.

மூன்று ரன்னில் தோற்றோம். ராமுத்தாய் பத்தொன்பது. எனக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை. கங்காணி அவனிடம் போய், “என்னப்பா, ஒனக்குச் சம்மதமா? சொல்லிரு” என்றார். அவன், “மொத்தம் எம்புட்டு ஓடுனா?” என்று கேட்டான்.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். கோபமாக வந்தாயா என்றும் கேட்டேன்.

“உடும்பஞ்சோல வரைக்கும் கோவம்தாம்மா. பெறகு கால் வலி வந்திருச்சு, கோவத்த நெனைக்கல. ஆளு இருந்தாப் போதும்னு இருந்துச்சு.”

ஐந்தாறு நாள் உறவுக்காரர் வீடுகளில் எல்லாம் தேடிவிட்டு, பிறகு இரண்டு நாள் நடந்திருக்கிறான். துணிமூட்டையில் அவளுக்கு ஒரு படி ஏலக்காய் வைத்திருந்தான். ஓடிப்போய்விட்டாள் என்று நம்பின மனுஷன், ஏலக்காய் எதற்குக் கொண்டுவந்தான்?

பிப்ரவரி 10, திங்கள்.

ஏழாவது இதழுக்கு ‘ஓடினாள்’ எல்லாவற்றையும் அடித்துவிட்டு ‘எடுத்தாள்’ என்று மாற்றினேன். ராமுத்தாய் வந்து குனிந்து பார்த்தாள். தன் இரண்டு புள்ளியைக் கண்டுபிடித்தாள். அடுத்த சொல்லில் விரல் நின்றது.

“இது என்ன சொல்லும்மா?”

சொன்னேன்.

“வேணாம். ஓடுனான்னே எழுதுங்க. நான் ஓடுனேன்ல.”

மறுபடி எழுதினேன். இந்த முறை ‘ஆட்டத்தில்’ என்ற சொல்லை அதே வரியில், அதன் பக்கத்திலேயே வைத்தேன். எங்கே கிழிந்தாலும் சேர்ந்தே கிழியட்டும். சுருளிவேல் கிளம்பும்போது ஐந்து நகல் வாங்கி, மடிக்காமல் அட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனான்.

பிப்ரவரி 17, திங்கள்.

கங்காணி தானாக வந்து, களத்தில் கல் பொறுக்க ஆள் விட்டிருப்பதாகச் சொன்னார். கூடவே, தாளில் தன் பெயரையும் ஒரு மூலையில் போடலாம் என்றார். போட்டேன்.

மார்ச் 9, திங்கள்.

வண்டன்மேட்டிலிருந்து அஞ்சல் அட்டை. ஸ்டோரில் யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறான் சுருளிவேல். அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்:

“கம்பவுண்டரம்மா அவர்களுக்கு. இங்கே காய் பொறுக்கும் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். மட்டை செதுக்கியாயிற்று. பந்துக்குள் என்ன வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள், தெரியப்படுத்தவும். தாளை ஸ்டோர்க் கதவில் ஒட்டுகிறோம், தவறாமல் அனுப்பவும். இந்த வாரம் தபால் வரவில்லை. ராமுத்தாய் எவ்வளவு ஓடினாள்?”