லத்தீபாவின் காற்று

13-10-1980
பெங்களூரிலிருந்து லத்தீபாவின் கடிதம். என் மகள் அங்கே ஆராய்ச்சி செய்கிறாள் என்பது பழவேற்காடு முழுக்கத் தெரியும். எதை என்பது எனக்கே இன்றுதான் தெரிந்தது. காற்றை. குவாசார் என்று ஒன்று வானத்தின் கோடியில் எரிகிறதாம். அதிலிருந்து நொடிக்கு இருபதாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் காற்று கிளம்புகிறதாம். பூமியைச் சுற்றுகிற ஒரு தொலைநோக்கி அதைப் பார்க்கிறது. அந்தத் தொலைநோக்கியை ஸ்பெயினில் உட்கார்ந்து திருப்புகிறார்களாம். "பிப்ரவரியில் அங்கே போய் ஆறு மாதம் இருந்து வரட்டுமா வாப்பா?"

"நீங்க சொல்றதுதான்" என்று கைருன் மீன் கழுவப் போய்விட்டாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் இவள் எப்போது நான் சொன்னதைக் கேட்டாள்?

14-10
டீக்கடையில் காற்றைப் பற்றி மட்டும் சொன்னேன். ஸ்பெயினைச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையடித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஏரியில் கையால் இறால் பிடிக்கும் எல்லம்மா கேட்டாள்: "இன்னா காத்து பாய்? வாடையா, கொண்டலா?"

வடக்கேயிருந்தா, கிழக்கேயிருந்தா, எனக்குத் தெரியாது என்றேன்.

"எங்கேர்ந்து வருதுன்னே தெரியாத காத்தையா உம்பொண்ணு படிக்குது?"

கடையே சிரித்தது. பாதி டீயோடு எழுந்து வந்து லத்தீபாவுக்கு எழுதினேன்: காற்று எந்தத் திசையில் அடிக்கிறது?

27-10
பதில். முதல் வரியே: "நம்மை நோக்கித்தான் வாப்பா."

நொடிக்கு இருபதாயிரம் கிலோமீட்டர். நம்மை நோக்கி. மூன்று வருடம் முன்பு ஆந்திராவில் அடித்த புயல் இதன் முன்னால் எம்மாத்திரம்? யா அல்லாஹ், இன்னா செய்வேன்? கடிதத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு குப்பத்துத் தலைவர் சடையனிடம் ஓடினேன்.

28-10
படகு எல்லாம் கரையேறிவிட்டது. தென்னையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வானத்தில் துண்டு மேகம் இல்லை.

29-10
வெயில்.

30-10
வெயில். படகு போனால்தான் எனக்கு இறால் வியாபாரம். ஐஸ் உருகித் தெருவில் ஓடுகிறது. எல்லம்மா மட்டும் ஏரியில் இறங்கிப் பறிக்கூடை நிறைய இறாலோடு வந்தாள். "உங்காத்து வழியில எங்கியாவது டீ குடிக்குதா பாய்?"

சடையன் என்னையும் கட்டிக்கிடந்த படகுகளையும் பார்த்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

லத்தீபாவுக்குத் தந்தி கொடுத்தேன்: காற்று எந்தத் தேதி வரும், படகு எல்லாம் கரையில்.

31-10
பதில் தந்தி. "வராது. படகை இறக்கச் சொல்லுங்கள். கடிதத்தின் மறுபக்கம் படியுங்கள்."

படித்தேன். அந்தக் காற்று கிளம்பி எண்ணூறு கோடி வருடமாம். வழியிலேயே ஓய்ந்துவிடுமாம். அதன் ஊடாக வந்த வெளிச்சம்தான் நம்மிடம் சேர்கிறது, அதில்தான் காற்றின் அடையாளம். எல்லாம் விளக்கமாக எழுதியிருக்கிறாள். தாளைத் திருப்பாத மடையன் நான்.

2-11
லத்தீபாவே வந்துவிட்டாள். குப்பத்துக்குப் போய் என் சார்பில் மன்னிப்புக் கேட்டாள். நான் பின்னால் நின்றேன்.

"அப்போ அந்தக் காத்து வரவே வராதாம்மா?" என்றார் சடையன்.

"வராதுண்ணே. அது கெளம்புன சேதி மட்டும் வரும். அத நல்லாப் பாக்கத்தான் ஸ்பெயினுக்குப் போகக் கேட்டிருக்கேன். வாப்பா இன்னும் பதில் சொல்லல."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"மூணு நாளு எங்க படகக் கட்டிப்போட்டியே பாய்," என்றார் சடையன். "பொண்ணையும் கரையிலயே நிறுத்தி வைக்காத."

3-11
இத்தனை நாள் பதில் சொல்லாததற்குக் கடலும் காற்றும் சாக்கு. அவள் அவ்வளவு தூரம் போய்விட்டால் நான் எப்படி இருப்பேன் என்பதுதான் பயம். இங்கே எழுதிவிட்டேன். கைருன் கண்ணில் படக்கூடாது.

காலையில் லத்தீபாவை ஸ்பெயினுக்குப் போகச் சொன்னேன். "நான் அப்பவே பெட்டிய எறக்கி வெச்சுட்டேன்" என்றாள் கைருன்.

9-3-1981
ஸ்பெயினிலிருந்து கடிதம். டீக்கடையில் உரக்கப் படித்தேன். "நல்லபடியாகச் சேர்ந்தேன் வாப்பா. தொலைநோக்கியைத் திருப்ப விட்டார்கள். வெளியே ஒரே குளிர்காற்று."

"இன்னா காத்துன்னு எழுதலியா?" என்றாள் எல்லம்மா.

தாளைத் திருப்பினேன். ஒரே வரி இருந்தது. "எல்லம்மா அக்காவிடம் சொல்லுங்கள், வாடை."