காபிக்கு ஒரு நன்றி

பிப்ரவரி 18, புதன்

அடையாற்றில் ஏதோ ஒரு வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து என் கணவருக்கு நன்றி சொல்லும் வியாதி பிடித்திருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குச் சொல்வதோடு நிறுத்திவிடக் கூடாதாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் தினமும் சொல்ல வேண்டுமாம். ஆக, மாட்டுக்கு அடுத்தது நான்.

இத்தனை வருஷமாக இந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. காபி குடித்ததும் டம்ளரை அவரே கொண்டுபோய் சிங்க்கில் போடுவார். இப்போது வாயால் சொல்லி முடித்துவிடுவதால், டம்ளர் குடித்த இடத்திலேயே கிடக்கிறது.

இன்று சாயங்காலம் அவர் காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். முன்பெல்லாம் அரை ஸ்பூன் குறைந்தாலே ஹாலிலிருந்து குரல் வரும்: "என்ன சுமதி இது, கஷாயமா?" எனக்கும் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் அந்த மனுஷன் என் காபியைக் குடித்துப் பார்த்தாவது கத்தினார்.

இன்று ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் கை வைத்தார்.

"ரொம்ப நன்றி சுமதி. காபி பிரமாதம்."

"அதுல சர்க்கரையே போடலைங்க."

"பரவாயில்லை. அதுக்கும் நன்றி."

சிரித்த முகத்தோடு போனை எடுத்து, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இன்றைய நன்றியைப் போட்டார். மனைவி கையால் காபியாம். கீழே நாலைந்து பேர் கைகூப்பியிருந்தார்கள்.

படுக்க வரும்போது பார்த்தேன். டம்ளர் டீப்பாய் மேலேயே இருக்கிறது. முக்கால்வாசிக் காபி அப்படியே மிச்சம். எறும்புகூட வரவில்லை.