ஜன்னல் வழியே இறங்க வேண்டிய பியானோ

என் செல்ல மகள் லவீனாவுக்கு, மாடியிலிருந்து பப்பா கஸ்பார் சொல்லச் சொல்ல, உன் தம்பி பெண்டாட்டி ஜசிந்தா எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் மூச்சு ஓடுகிறது, பசி எடுக்கிறது, மீன் குழம்பு நாக்குக்குப் பிடிக்கிறது, அந்த மட்டில் நான் சுகம். லிஸ்பனில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். போன் இப்போது கீழே கடை மேஜைமேல் இருக்கிறது, நான் மேலே இருக்கிறேன், நடுவில் உன் தம்பி கட்டிய படி இருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

உன் தம்பி ஆக்னெல் கப்பலில் பாண்டு வாசித்தது போதும் என்று வந்துவிட்டது உனக்குத் தெரியும். நம் வீட்டின் கீழ்க்கட்டு முழுவதையும் இடித்துப் பிரித்து வாத்தியக் கடையும் இசைப்பள்ளியும் ஆக்குகிறான். நான் படுத்திருந்த அறைதான் இப்போது கித்தார் அறை. தூசி அடங்கும்வரை மேலே இருங்கள் பப்பா என்றான், நானும் மடங்காத முழங்காலை இழுத்துக்கொண்டு பழைய மரப்படியில் ஏறி வந்து, உன் பியானோ பக்கத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்தேன். மறுவாரமே மரப்படியைப் பெயர்த்துவிட்டார்கள். அது பாதிக் கடையை அடைக்கிறதாம். அந்த மூலையில் இரும்பில் முறுக்கிய படி ஒன்றை நட்டான், திருகாணி மாதிரி. ஆள் ஏறலாம், பூனை ஏறலாம், கால் மடங்காதவன் எப்படி இறங்குவான்? ஒரு நாள் இறக்கிப் பார்த்தார்கள், மேலே ஆக்னெல் அக்குளைப் பிடிக்க, கீழே ஜசிந்தா காலைப் பிடிக்க. பாதி வழியில் நான் மாட்டிக்கொண்டேன், மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. "பப்பா, கொஞ்சம் மடக்குங்க" என்கிறான் அவன். "மடங்கினா உன்னை ஏன்டா கூப்பிடுறேன்" என்று நான் கத்த, ஜசிந்தாவுக்குச் சிரிப்பு வந்து என் காலை விட்டுவிட்டாள். அவள் எழுத மாட்டேன் என்கிறாள், நான் எழுது என்கிறேன். கடைசியில் சுருட்டிய பாயை இழுப்பதுபோல் என்னை மேலேயே இழுத்துப் போட்டார்கள். அதோடு சரி. மழைக்கு முன்னால் ஏறியவன், மழை வந்து போய்விட்டது, நான் மண்ணை மிதிக்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் பாடகர் குழுவில் என் வயலின் இல்லை. கல்லறைத் திருநாளில் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி வைக்க ஆக்னெல் போனான். இத்தனை வருஷத்தில் நான் போகாமல் இருந்தது இதுதான் முதல் தடவை, அது மனசில் முள்ளாக நிற்கிறது.

இன்னொன்று கேள். பள்ளிச் சத்தம் வெளியே போகக்கூடாது என்று கீழ்க் கூரை முழுக்கப் பஞ்சும் பலகையும் அடித்திருக்கிறான். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் தண்ணீருக்குக் கத்தினால் கீழே கேட்பதில்லை. பியானோவின் இடதுகோடிக் கட்டையை, அந்தத் தடித்த குரலை, ஓங்கி அடித்தால் மட்டும் பஞ்சைத் தாண்டிப் போகிறது. அதுதான் எனக்கு மணி. காலையில் பாவ் ரொட்டிக்காரன் சைக்கிள் ஒலி கேட்டதும் ஜன்னலில் கூடை விடுகிறேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு பாஸ்கோ கிழவன் தெருவில் நின்றுகொண்டு, "என்னடா கஸ்பார், மகன் உன்னைக் கூண்டில போட்டுட்டானா? பள்ளிக்கூடத்துக்குக் கிளி வாங்கியாச்சுன்னு ஊர்ல பேச்சு" என்று ஊர் கேட்கக் கத்துகிறான். போன வாரம் ஆக்னெலையே நிறுத்தி, "ஏன்டா, அளந்தியே, உங்கப்பன் சவப்பெட்டி திரும்புமாடா அந்தப் படியில?" என்று கேட்டுவிட்டான். ஆக்னெல் முகம் சுண்ணாம்பாகிப் போனது. கடை அலமாரிக்கு அளந்தான், கித்தாருக்கு அளந்தான், இதற்கு அளக்கவில்லை. பியானோவுக்கும் அளக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திறப்பு விழாவுக்குப் பாதிரியார் வந்து மந்திரிக்கும்போது பியானோ கீழே இருக்க வேண்டுமாம். போர்ச்சுகீசியர் நம் ஊரை விட்டுப் போனார்களே, அந்த வருஷம் அது மேலே வந்தது. மரப்படியின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, உன் கைத்தான் மாமா முன்னாலும் நான் பின்னாலும் தூக்கிவர, அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டே கூட ஏறினாள். இந்தத் திருகாணியில் அது இறங்காது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தெருப்பக்கம் சிப்பி பதித்த ஜன்னலைத் தரைவரை இடித்துக் கயிற்றில் இறக்குவது. அப்படி இடித்தால் அதே வாசலில் வெளிப்பக்கமாகக் கல்படி கட்டித் தருகிறேன், அகலப் படி, என்று கொத்தனார் என்னிடம் சொல்லியிருக்கிறார். இன்னொன்று, பியானோவைக் கழற்றி, பெட்டியை அறுத்து, துண்டு துண்டாக இறக்குவது. ஆக்னெலுக்கு இரண்டாவதில்தான் ஆசை, ஏனென்றால் அந்த ஜன்னல்மேல்தான் பள்ளியின் பெயர்ப்பலகை வருகிறது. பலகையில் என் பெயர். கஸ்பார் இசைப்பள்ளி. என் பெயராலேயே என் வெளிச்சத்தை மறைக்கிறான். பாசத்தில் செய்கிறான், அதனால் திட்டவும் முடியவில்லை. கல்படி கேட்டால், "திறப்பு முடியட்டும் பப்பா" என்கிறான். பலகை ஏறியபின் யார் இறக்கப் போகிறார்கள்?

பியானோ உனக்கென்று அம்மா சொல்லிப் போனது, அதனால் உன்னைக் கேட்காமல் அறுக்க மாட்டான். உன் பிறந்தநாளுக்குப் போன் செய்து இனிப்பாகக் கேட்பான். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். எனக்கு எதுக்குடா அது, உனக்கு எது வசதியோ செய் என்பாய். கல்யாணச் சேலையைக்கூடக் கேட்டவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனவள்தானே நீ. அப்படிச் சொல்லிவிடாதே மகளே. நீ தாராளமாக இருந்தால் நான் இங்கேயே கிடப்பேன், அடிக்க அந்தக் கட்டையும் இருக்காது.

இதைச் சொன்னதும் ஜசிந்தா பேனாவை வைத்துவிட்டாள். "பப்பா, இத நான் எழுதினா நாளைக்கு அவர் மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?" என்றாள். வேண்டாமென்றால் விடம்மா என்றேன். என் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாள், இதைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும், வயிற்றில் பிள்ளை வேறு. "எனக்கும் வலி எடுத்தா அதுலதானே இறங்கணும், சொல்லுங்க எழுதுறேன்" என்று பேனாவை எடுத்தாள். அவளுக்காகவும் ஜெபம் செய்.

குளிரில் காதை மூடிக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பு. தேவமாதா உன் வீட்டு வாசலில் நிற்கட்டும், உன் கை எப்போதும் நிறைந்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. சின்ன வயதில் ஆக்னெல் அந்தப் பியானோவைத் தொட வந்தால், "என்னுது, கைய எடுடா" என்று அவன் விரல்மேல் மூடியைச் சாத்துவாயே, தெருமுனைவரை கேட்குமே அந்தக் குரல்? போன் வரும்போது அந்தக் குரலில் பேசு.

இப்படிக்கு, எழுத்து அறியாத உன் பப்பா, கையெழுத்துக்குப் பதில் எப்போதும்போல் ஐந்து கோடு இழுத்து வயலின் சுருளை என் கையாலேயே போட்டிருக்கிறேன்.
கஸ்பார்